கேச்சில் கைவைக்காதீர்கள்

காலை 10 மணி 56 நிமிடம். விடுப்பு முடிந்து ஜம்மு பக்கம் திரும்ப வேண்டிய ராணுவ வீரர் ஒருவர், கனகம்மாசத்திரத்தில் எங்கள் கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில் தன் ஐடியில் லாகின் செய்து உட்கார்ந்திருந்தார். ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்குத் திறக்கும். பெயர், வயது எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஓடிபிக்காகப் போன் கையில் தயாராக இருந்தது. கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன், உதவி செய்கிற ஆர்வத்தில் அவர் தோள்மேல் குனிந்து, "அண்ணா, கொஞ்சம் ஸ்லோவா கீதுண்ணா. கேச் கிளியர் பண்ட்டா பறக்கும்" என்று சொல்லிக்கொண்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கினான். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. மூன்று கட்டங்களிலும் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. பையன் யோசிக்கவில்லை. அழித்தான்.

லாகின் போயிற்று. தளத்தின் முகப்பு கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்றது. முதலில் எழுத்துகள் மட்டும் ஒழுங்கில்லாமல் கொட்டின. பிறகு நிறம் வந்தது, பிறகு பட்டன்கள் ஒவ்வொன்றாக இடம் பிடித்தன. கேப்ட்சா வர வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் மறுபடி உள்ளே நுழைந்தபோது மணி 11.04. வெயிட்டிங் லிஸ்ட் மூன்று இலக்கத்தைத் தாண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "மெட்ராஸ் போயி கவுன்டர்ல பாத்துக்கறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் செய்தது ஊர் முழுக்கச் சொல்லிக்கொடுத்த பாடம். திருத்தணி மொபைல் கடையில் அதைத்தான் சொல்கிறார்கள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் எடுத்த எடுப்பில் அதைத்தான் சொல்கிறார்கள். தட்கல் புக்கிங்குக்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று வீடியோ போடுகிறவர்கள் முதல் வேலையாக அதைத்தான் சொல்கிறார்கள். போன் மெதுவா? கேச்சை அழி. நெட் மெதுவா? கேச்சை அழி. பக்கம் திறக்கவில்லையா? கேச்சை அழி. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை.

இந்த ஊரில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, முதல் பட்டதாரிச் சான்றிதழ், தேர்வு முடிவு என்று அத்தனைக்கும் ஆட்கள் என் கடைக்கு வந்து காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பை நாள் முழுக்கப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்: வேகத்துக்காகக் கேச்சை அழிப்பது தவறு. பயனில்லாத பழக்கம் என்று விட்டுவிட முடியாது, அது வேகத்தைக் கெடுக்கிற பழக்கம். எதை அழிக்கிறோமோ அதுதான் நமக்கு வேகம் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அஞ்சறைப் பெட்டியில் கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் இருக்கிறது. தாளிக்கிற நேரத்தில் கை தானாக அங்கே போகிறது. ஒருவர் வந்து, "பெட்டி நிறைந்து கிடக்கிறது, அதனால்தான் சமையல் தாமதமாகிறது" என்று அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும்? எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது கடுகு வாங்க மளிகைக் கடைக்கு ஓட வேண்டும். பிரௌசரின் கேச் அந்த அஞ்சறைப் பெட்டிதான்.

ஒரு தளத்தை முதல் தடவை திறக்கும்போது பிரௌசர் பக்கத்தின் எழுத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. பக்கத்தின் அழகுக்கான கோப்பு, பட்டன்களை இயக்குகிற ஸ்கிரிப்டுகள், சின்னம், படங்கள், தமிழ்த் தளமாக இருந்தால் தமிழ் எழுத்துரு என்று பத்துப் பதினைந்திலிருந்து நூறு நூற்றைம்பது கோப்புகள் வரை தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. இவற்றில் பெரும்பாலானவை நாளைக்கும் அப்படியே இருக்கும். ஒரு செய்தித்தாளின் தளத்தில் செய்தி மாறும், தலைப்புச் சின்னம் மாறாது, எழுத்துரு மாறாது. ஆகவே பிரௌசர் அவற்றின் ஒரு நகலை நம் மெஷினிலேயே வைத்துக்கொள்கிறது. மறுநாள் செய்தியை மட்டும் வாங்கினால் போதும்.

எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் பிரௌசர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. கோப்பை அனுப்பும்போதே சர்வர் ஒரு சீட்டு சேர்த்து அனுப்புகிறது. 'கேச்-கன்ட்ரோல்' என்று அதற்குப் பெயர். அதில் 'மேக்ஸ்-ஏஜ்' என்று ஓர் எண் இருக்கும், கணக்கு நொடிகளில். மாறவே மாறாத கோப்புகளுக்கு உலகம் முழுக்கப் பொறியாளர்கள் வழக்கமாக எழுதுகிற எண் 31536000. ஒரு நாளுக்கு 86,400 நொடி, அதை 365-ஆல் பெருக்கினால் இந்த எண் வரும். திருத்தணி மலைக்குப் படி 365, ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போம். அந்த 365 நாளும் இந்தக் கோப்பை என்னிடம் மறுபடி கேட்க வேண்டாம், உன்னிடம் இருப்பதையே பயன்படுத்து என்று தளமே எழுதிக் கொடுத்திருக்கிறது. நாம் அதை வாரத்துக்கு ஒரு தடவை கிழித்துப் போடுகிறோம்.

நாள் முடிந்த பிறகும் கோப்பு வீணாகிவிடுவதில்லை. பிரௌசர் சர்வரிடம், "என்னிடம் இந்த அடையாளம் கொண்ட நகல் இருக்கிறது, அதற்குப் பிறகு மாற்றியிருக்கிறாயா?" என்று ஒரு கேள்வி மட்டும் அனுப்பும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணைப் பதிலாக அனுப்பும். கோப்பு வராது, பதில் மட்டும் வரும். இந்த ஏற்பாடு நேற்று வந்ததில்லை. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே 304 இருக்கிறது. அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்த 1.1-இல் மேக்ஸ்-ஏஜும், 'ஈடேக்' என்கிற அடையாளச் சீட்டும் சேர்ந்தன. டயல்-அப் மோடம் காலத்தில் ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் கணக்குப் பார்த்தவர்கள் செய்த வேலை அது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 அமுக்குங்கள். 'நெட்வொர்க்' என்கிற பகுதிக்குப் போங்கள். நீங்கள் தினமும் பார்க்கும் ஒரு தளத்தைத் திறந்து, பிறகு அதிலேயே இன்னொரு பக்கத்துக்குப் போங்கள். வரிசையாகக் கோப்புகள் ஓடும். அளவு எழுதியிருக்கும் கட்டத்தில் பல கோப்புகளுக்கு நேராக எண்ணுக்குப் பதில் 'மெமரி கேச்', 'டிஸ்க் கேச்' என்று இருக்கும். அவை நெட்டிலிருந்து வரவே இல்லை என்று அர்த்தம். அதே பகுதியில் 'டிஸேபிள் கேச்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டுவிட்டு மறுபடி அதே பக்கங்களைத் திறங்கள். கீழே எத்தனை எம்பி வந்தது என்று கூட்டிக் காட்டும். கடைப் பையனுக்கு நான் பேசிப் புரியவைக்கவில்லை, இதைக் காட்டினேன்.

இதில் காசு இருக்கிறது. கனகம்மாசத்திரத்திலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் பெரும்பாலோருக்கு இணையம் என்றால் பிரீபெய்டு சிம்தான். நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி. சாயங்காலத்துக்குள் வீட்டுப் பிள்ளைகள் அதை வீடியோவில் தீர்த்துவிடுவார்கள். தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். இன்றைக்கு ஒரு சராசரிப் பக்கத்தின் எடை 2 எம்பியைத் தாண்டிவிட்டது. 2 எம்பி என்றால் சுமார் 16,000 கிலோபிட். அதை 64-ஆல் வகுத்தால் 250 நொடி, நாலு நிமிஷத்துக்கு மேல். கேச் இருந்தால்? மாறிய பகுதி மட்டும் 100 கேபி என்று வைத்துக்கொண்டால் 12, 13 நொடி. பொறுத்துக்கொள்ளலாம். டேட்டா தீர்ந்த ராத்திரியில் பிள்ளையின் ஹால் டிக்கெட்டைத் தேடுகிற ஒரு தாய்க்கு, கேச்சை அழி என்று யாராவது யோசனை சொன்னால் பன்னிரண்டு நொடியை நாலு நிமிஷமாக ஆக்கிக் கொடுக்கிறார்கள்.

"அதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் 5ஜி வந்துவிட்டதே" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். குழாய் அகலமானது உண்மை. தூரம் குறையவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 27,000. இழையைக் கோடு பிடித்த மாதிரி போட்டிருந்தால்கூட 135 மில்லிநொடி ஆகும். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நிஜத்தில் இன்னும் கூடும். ஒரு புதுத் தளத்தோடு பேச ஆரம்பிக்க முகவரி கேட்பது, கைகொடுப்பது, பூட்டு மாற்றிக்கொள்வது என்று முதல் எழுத்து வருவதற்கு முன்பே சில தடவை போய்வர வேண்டும். எந்த டவரும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. போகாமலே இருப்பதுதான் இருப்பதிலேயே வேகம். கேச் நம்மைப் போகாமல் இருக்க வைக்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி போகிற பாதையில் இருக்கும் ஊர் இது. மலைக்கு நடந்து போகிறவன் ஏழு நாள் அரிசியையும் தண்ணீரையும் தலையில் சுமந்து போக முடியாது. அதனால் வழியில் சத்திரம் கட்டினார்கள். போகிறவன் பக்கத்திலேயே வேண்டியதை வைத்துவிட்டால் பயணம் இலகுவாகும் என்பதுதான் சத்திரம் கட்டியவர்களின் அறிவு. இணையத்தில் தொலைதூரச் சர்வரின் நகல்களை ஊருக்கு ஊர் வைக்கிறார்கள், சிடிஎன் என்கிறார்கள். பாதையில் வைத்த சத்திரம் சிடிஎன் என்றால், மடியில் கட்டிக்கொண்ட கட்டுச்சோறு கேச்.

தட்கலுக்குத் திரும்புகிறேன். தட்கல் திறக்கும் காலை 10 மணியும் 11 மணியும் உண்மையில் ஏன் இழுக்கின்றன? 2025 மே 22 அன்று காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவானது என்று ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் லாகின் முயற்சிகளில் பாதி வரை மனிதர்களுடையதே இல்லை, தானியங்கி நிரல்களுடையது என்றும் சொன்னது. அதனால்தான் அந்த நிரல்களைத் தடுக்கும் ஏற்பாட்டையும் சிடிஎன் சேவையையும் கொண்டுவந்தார்கள், சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடி ஐடிகளை முடக்கினார்கள், ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். நெரிசல் அந்தப் பக்கம். இந்தப் பக்கம், கனகம்மாசத்திரத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஐம்பது கோப்பை அழித்தால் அந்த நெரிசல் எப்படிக் குறையும்? கூடத்தான் செய்யும். தேசமே ஒரு வாசலில் முட்டிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில், கையில் இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, அத்தனையையும் மறுபடி கொடு என்று நாமும் போய் வரிசையில் நிற்கிறோம். லட்சம் பேர் 9.55-க்கு இந்த யோசனையைக் கேட்டு நடந்தால் லட்சம் பேருடைய சின்னத்தையும் எழுத்துருவையும் புதிதாக அனுப்புவதே தளத்துக்குக் கூடுதல் வேலை. இன்காக்னிடோ ஜன்னலில் திறந்தால் சீக்கிரம் கிடைக்கும் என்பதும் இதே ரகம்தான். அந்த ஜன்னல் வெறும் கேச்சோடுதான் பிறக்கிறது.

"நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அழித்த பிறகு வேகமாக ஓடியதை என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. இதை நான் மதிக்கிறேன், அதனால் இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

பெரும்பாலும் நடப்பது இது. 32 ஜிபி போன். வாட்ஸப்பில் வந்த காலை வணக்கப் படங்கள், கல்யாண வீடியோக்கள், ஒன்றையே நாலு தடவை இறக்கிய பிடிஎஃப்கள் எல்லாம் சேர்ந்து முப்பத்தொன்றரை ஜிபியைப் பிடித்திருக்கும். காலியிடமே இல்லாத போன் உண்மையிலேயே திணறும். எழுதுவதற்கு இடம் தேடியே அதற்கு மூச்சு வாங்கும். அந்த நிலையில் கேச்சில் இருந்த சில நூறு எம்பியைக் காலி செய்தால் கொஞ்ச நேரம் மூச்சு வரும். ஆனால் மூச்சைக் கொடுத்தது காலியிடம். அதே காலியிடத்தை இரண்டு கல்யாண வீடியோவை அழித்துப் பெற்றிருக்கலாம். கேச் இரண்டே நாளில் மறுபடி நிரம்பும், நிரம்பத்தான் வேண்டும். அழித்த வீடியோ திரும்பி வராது.

இன்னொன்று, கேச்சை அழிக்கிறவர்கள் கூடவே பிரௌசரை மூடித் திறப்பார்கள், முப்பது நாற்பது டேபையும் மூடுவார்கள், சிலர் போனையே ஆஃப் செய்து போடுவார்கள். 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் நாற்பது டேபை மூடினால் வேகம் வராமல் என்ன செய்யும்? வேலை செய்தது மூடியது, பெயர் வாங்கியது கேச். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ஐந்தாறு தடவை ரிஃப்ரெஷ் கொடுத்தால் கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகும் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அந்த ரிஃப்ரெஷ் திரையில் உள்ள ஐகான்களைத் திரும்ப வரைகிறது, அவ்வளவுதான்.

கேச் பெருத்துக்கொண்டே போய் மெஷினை அமுக்கிவிடும் என்ற பயமும் ஆதாரமில்லாதது. ஒவ்வொரு பிரௌசரும் கேச்சுக்குத் தானே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வரம்பைத் தொட்டால் நெடுநாள் தொடாத கோப்புகளைத் தானே வெளியே தள்ளும். நாம் போய்க் கூட்டிப் பெருக்க வேண்டிய வீடு இல்லை அது. பழைய சுழல் வட்டுகளின் காலத்தில் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளுக்கு நடுவே ஒன்றைத் தேடி எடுப்பது, அந்த வட்டுகளில் சில சமயம் நெட்டிலிருந்து வாங்குவதைவிடத் தாமதமாகும். அதையும் பிரௌசர்க்காரர்கள் பார்த்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 59, வட்டு மெதுவாக இருக்கிறது என்று தெரிந்தால் கேச்சையும் நெட்டையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டு, எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு வந்தது. அதற்கும் நம் விரல் தேவைப்படவில்லை.

இந்த நம்பிக்கையை வளர்த்ததில் பெரிய பங்கு 'கிளீனர்' செயலிகளுக்கு. போனைத் திறந்ததும் சிவப்பு எழுத்தில் "குப்பை சேர்ந்துவிட்டது" என்று மிரட்டும். பட்டனைத் தொட்டால் ஒரு துடைப்பம் சுற்றும், எம்பி கணக்கு மளமளவென்று இறங்கும், பச்சை டிக் வரும். நடுவில் இரண்டு விளம்பரம். அவர்கள் குப்பை என்று காட்டுவதில் பெரும்பகுதி கேச்தான். நாம் தினமும் பயன்படுத்தும் செயலிகள் தங்கள் வேகத்துக்காகச் சேர்த்து வைத்தது. அழித்தால் மறுநாள் திரும்பச் சேரும், மறுநாளும் மிரட்டலாம். அவர்களுக்குத் தீராத வியாபாரம், நமக்குத் தீரும் டேட்டா. கிளீன் மாஸ்டர் என்ற செயலியைச் செய்த சீட்டா மொபைல் நிறுவனத்தின் செயலிகளை 2020 பிப்ரவரியில் விளம்பர விதிமீறல் நடவடிக்கையில் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் கிளீன் மாஸ்டரும் இருந்தது, கேச்சை அழிப்பதற்கென்றே பெயர் வைத்த இன்னொரு செயலியும் இருந்தது. கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தால், உலகம் முழுக்க நம்பிப் போட்டுக்கொண்ட சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் தாக்குதல்காரர்கள் கள்ள நிரலைச் செருகியிருந்தது 2017 செப்டம்பரில் வெளியே வந்தது. ஏறக்குறைய 22 லட்சத்து 70 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் அந்தப் பதிப்பு இறங்கியிருந்தது. சுத்தம் செய்யக் கூப்பிட்டவர் தோளில் திருடன் ஏறி வந்தான். தேவையே இல்லாத ஒரு வேலைக்கு வெளியாளை வீட்டுக்குள் விட்டதால் வந்த வினை இது.

பாதுகாப்புக்காக அழிக்கிறோம் என்பவர்களோடு எனக்குப் பாதிச் சம்மதம். பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடித்து எழுந்தால் தடத்தை அழித்துவிட்டுத்தான் எழ வேண்டும். ஆனால் எதை அழிக்கிறார்கள்? என் கடையில் நான் பார்த்தவரை, கேச்சை அழித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புவார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அவர்களுடைய இ-ஆதார் அப்படியே கிடக்கும். ரீசைக்கிள் பின்னில் பான் கார்டு கிடக்கும். கேச்சை அழிப்பது அவற்றைத் தொடுவதே இல்லை. பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்கினால் இறக்கிய நகல்களை நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று ஆதார் ஆணையமே சொல்கிறது. நான் இப்போது வாடிக்கையாளர்களைக் கெஸ்ட் ஜன்னலில்தான் உட்கார வைக்கிறேன். மூடினால் லாகினும் தடமும் போய்விடும். இறக்கிய கோப்பை மட்டும் அவர்கள் கண்முன்னே கையால் அழிக்கிறேன். ஒரு அம்மா கேட்டார்: "நீ அழிச்சிட்டியா இல்லியான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" சரியான கேள்வி. அன்றிலிருந்து மௌசை அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே அழிக்கச் சொல்கிறேன்.

கேச்சை அழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது வேகம் சம்பந்தப்பட்டதில்லை, பிழை சம்பந்தப்பட்டது. தளத்தைப் புதுப்பித்திருப்பார்கள், பழைய ஸ்கிரிப்டும் புதுப் பக்கமும் ஒட்டாமல் பட்டன் வேலை செய்யாது, கட்டங்கள் கோணலாக நிற்கும். அப்போதும் ஊரையே கொளுத்த வேண்டாம். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்டோடு ஆர் அமுக்கினால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் எல்லாம் புதிதாக வரும். அப்படியும் சரியாகவில்லை என்றால் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் குறியைத் தொட்டு, அந்த ஒரு தளத்தின் சேமிப்பை மட்டும் அழிக்கலாம். மற்றத் தளங்களின் லாகினும் கோப்பும் அப்படியே இருக்கும்.

அந்தப் பிழையேகூடப் பயனாளி செய்த குற்றம் இல்லை. எனக்கு மிகுந்த ஆதங்கம் இங்கேதான். தளத்தை ஒழுங்காகக் கட்டினால் பழையதும் புதியதும் மோதவே மோதாது. கோப்பை மாற்றும்போதெல்லாம் அதன் பெயரில் ஒரு புதுக் குறியைச் சேர்த்துவிட்டால் பிரௌசர் அதைப் புதுக் கோப்பாகப் பார்த்துத் தானே வாங்கிக்கொள்ளும். முகப்புப் பக்கத்துக்கு மட்டும், ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுக் காட்டு என்று சீட்டு எழுத வேண்டும். அதற்கான சொல் 'நோ-கேச்'. பெயர்தான் அப்படி, சேமிக்காதே என்று அர்த்தமில்லை, கேட்காமல் காட்டாதே என்றுதான் அர்த்தம். சேமிக்கவே சேமிக்காதே என்பதற்கு 'நோ-ஸ்டோர்' என்று தனிச் சொல் உண்டு. வங்கிக் கணக்கு விவரம் மாதிரிப் பக்கங்களுக்கு அது சரி. ஆனால் பயந்துபோய், அல்லது வித்தியாசம் தெரியாமல், சின்னத்திலிருந்து எழுத்துரு வரை அத்தனைக்கும் நோ-ஸ்டோர் எழுதி வைத்திருக்கும் தளங்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு தளத்தின் முகப்பில் உள்ள ஒரே ஒரு வரவேற்புப் படம், பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொரு தடவையும் புதிதாக இறங்குகிறது. ஒரு விண்ணப்பத்துக்கு ஏழு பக்கம் என்றால் ஏழு தடவை. விண்ணப்பிக்க வந்தவர், "ஏம்பா, இன்னும் எவ்ளோ நேரமாவும்? பஸ்ஸு போய்டும்பா" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? மெதுவாக இருந்தால் கேச்சை அழித்துவிட்டு முயற்சி செய்யவும்.

கட்டியவர் செய்த தவறைக் குடியிருப்பவர் தலையில் கட்டுகிற வேலை இது. பெரிய நிறுவனங்கள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கத்தில் ரீலோட் அமுக்கினால் எல்லாக் கோப்பும் மாறிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த பழக்கத்தைக் குரோம் மாற்றியது. அப்படிக் கேட்பது 60 விழுக்காடு குறைந்தது, ரீலோட் 28 விழுக்காடு வேகமானது என்று 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். பின்னால் போகும் பட்டனை அமுக்கினால் முந்தின பக்கம் இருந்தபடியே உடனே நிற்க வேண்டும் என்பதற்காக முழுப் பக்கத்தையே நினைவில் வைக்கும் முறையை ஃபயர்பாக்ஸ் 2005-லேயே கொண்டுவந்தது, கம்ப்யூட்டரில் குரோம் 2021-இல் கொண்டுவந்தது. 2007-இல் யாஹூ பொறியாளர்கள் தங்கள் தளத்தில் எண்ணிப் பார்த்தபோது, பார்க்கப்பட்ட பக்கங்களில் ஏறக்குறைய 20 விழுக்காடு மட்டுமே வெறும் கேச்சோடு திறக்கப்பட்டிருந்தன. மீதி அத்தனையும் ஏற்கெனவே கையில் இருந்ததை வைத்துத் திறந்தவை. பத்தில் எட்டுப் பக்கத்துக்குக் கைகொடுக்கிற ஒன்றைத்தான் நாம் குப்பை என்கிறோம்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி நிரம்பி வழியும்போது எங்கள் ஊர் டவரும் நிரம்பி வழியும். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், பக்கம் நகராது. அன்றைக்குக் கேச்சை அழிக்கிறவனுக்கு ஒன்றும் வராது, அழிக்காதவனுக்கு அரைகுறையாகவாவது திறக்கும். யாரும் நம்ப வேண்டாம், வருகிற ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.

உதவி மையங்களில் உட்கார்ந்து பதில் சொல்கிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற அதிகாரிகளுக்கும் ஒரு கோரிக்கை. முதல் கேள்வியை மாற்றுங்கள். மற்றத் தளங்கள் திறக்கின்றனவா என்று கேளுங்கள். திறக்கின்றன என்றால் தாமதம் உங்கள் பக்கம், அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். திறக்கவில்லை என்றால் இன்றைய டேட்டா மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து போனில் எத்தனை ஜிபி காலி என்று கேளுங்கள். எத்தனை டேப் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். பக்கம் கோணலாகத் தெரிகிறது, பட்டன் அமுங்கவில்லை என்று அவர்கள் சொன்னால் மட்டும், அந்த ஒரு தளத்தின் சேமிப்பை அழிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவர்களுக்குத் தங்கள் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கேச்சோடு, லாகினை நினைவில் வைத்திருக்கும் குக்கீயும் சேர்ந்து போய், பாஸ்வேர்டும் தெரியாமல், பதிவு செய்த பழைய போன் நம்பரும் கையில் இல்லாமல் என் கடை வாசலில் வந்து நிற்கிறவர்கள் வாரத்துக்கு மூன்று பேராவது இருக்கிறார்கள்.